முன்அனுபவம் என்னும் முதற்படி

(மணலி புதுநகரில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் நிலத்தை நம்பி வாழ்ந்த நம் குடும்பங்களுள் பல, பிள்ளைகளின் கல்வியையும் பணியையும் கருதியே சென்னைக்குப் பெயர்ந்தன. அப்பிள்ளைகள் முதுகலைப் பட்டமும் பெற்றுவிட்டனர். ஆயினும் ‘இரண்டாண்டு முன்அனுபவம் தேவை’ என்னும் ஒரு வரி அவர்களை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. வேலை கிடைத்தாலன்றி அனுபவம் வாராது. அனுபவமின்றி வேலை தருவாரில்லை.

நம்மைச் சுற்றிலும் ஆலைகளுக்குக் குறைவில்லை. 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தோன்றிய இன்றைய சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், 1966-இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், எண்ணூரில் அசோக் லேலண்ட், காமராஜர் துறைமுகம் என வரிசை நீளும். இரவில் மொட்டை மாடியில் நின்றால் சுத்திகரிப்பு நிலையத்தின் சுடர் தெரிகிறது. உள்ளே செல்லும் வழிதான் தெரியவில்லை என்பர் நம் இளைஞர்.

வழியொன்று சட்டத்திலேயே உண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973-இல் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ பெற்றோரையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. 2014-இன் திருத்தம் பிற பட்டதாரிகளுக்கும் இடமளித்தது. முப்பது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். பட்டதாரிகளுக்குப் பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சி. 2019-இன் விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என வகுத்தன. தென் மண்டலத்துக்கான பயிற்சி வாரியம் நம் தரமணியிலேயே இருக்கிறது.

‘எம்.எஸ்ஸி. படித்துவிட்டு அப்ரண்டிஸா?’ என்று வீட்டில் முகம் சுளிப்பாருண்டு. அந்தச் சுளிப்பினால் ஓராண்டு வீணாகிறது என்பதே என் கருத்து. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை உறுதி என்று எண்ணிவிடவும் கூடாது. பணி தரவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக நிறுவனத்துக்கு இல்லை. அடுத்த விண்ணப்பத்தில் எழுதுவதற்கு ஓராண்டு அனுபவமும், நம் வேலையை நேரில் கண்ட ஒரு மேலாளரும் கிடைப்பதே இதன் பயன். மற்றொன்றையும் கவனியுங்கள். சில பொதுத்துறை அறிவிப்புகளில் மேற்படிப்பு முடித்தோர்க்கு இடமிராது. ஆகவே இளங்கலை இறுதியாண்டிலேயே இதைப் பற்றி வீட்டில் பேசிவிடுவது நலம்.

முதுகலையில் சேர்ந்துவிட்டவர்க்கு ஆய்வுத் திட்டப் பணியே கைம்முதல். அதனைக் கல்லூரிக்குள்ளேயே முடித்துவிடாமல் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் செய்ய இயலுமா என்று பேராசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தன்விவரக் குறிப்பில் ‘வாயு நிறப்பிரிகைக் கருவி இயக்கத் தெரியும்’ என்று எழுதுவோர் பலர். எத்தனை மாதிரிகளைச் சோதித்தீர்கள், முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாதபோது காரணத்தை எவ்வாறு கண்டீர்கள் என்று எழுதுங்கள். நேர்காணல் செய்பவர் மேற்கொண்டு கேள்வி கேட்க அங்கேதான் இடம் பிறக்கிறது.

‘நம்மவர் யாரேனும் உள்ளே இருக்கிறாரா?’ என்று தேடும் வழக்கம் நம்மிடையே உண்டு. தேடுங்கள், தவறில்லை. ஆனால் சிபாரிசு கேட்டுச் செல்லாதீர்கள். ஷிஃப்டில் என்ன வேலை நடக்கிறது, புதியவர் எங்கே தடுமாறுகிறார், எதைப் படித்து வரவேண்டும் என்று அரைமணி நேரம் கேட்டு வாருங்கள். சிபாரிசுக்குத் தயங்குபவர்கூட இதற்கு மனமுவந்து நேரம் தருவார்.

பணம் பெற்றுக்கொண்டு பொய்யான அனுபவச் சான்றிதழ் தருவோரும் வெளியே உள்ளனர். வாய்மையை அணுவிரதமாகக் கொண்ட நம் இல்லங்களில் அது நுழையலாகாது. பெரிய நிறுவனங்கள் வருங்கால வைப்புநிதிக் கணக்கைக்கொண்டே பழைய பணியைச் சரிபார்க்கின்றன. பொய்யென்று தெரிந்தால், கிடைத்த வேலையும் போகும். அனுபவம் இல்லையெனில் இல்லை என்றே எழுதுங்கள்.

விழா முடிந்தபின் மதிய உணவு வரையில் நான் இம்மண்டபத்திலேயே இருப்பேன். தன்விவரக் குறிப்பைக் கையோடு கொண்டுவந்திருக்கும் மாணவர்கள் தயங்காமல் வாருங்கள். ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.