நேரம் தெரியாத கம்ப்யூட்டரும் நம் வாசல் கேமராவும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

பத்து நிமிடம்தான் கேட்டிருக்கிறேன். நேரத்தைப் பற்றியே பேசப் போவதால் மீற மாட்டேன்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு பொழுதுபோக்கு. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் கடையில் ஒரு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் வாங்கினேன். 1984-ல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் வந்த மாடல் அது. நினைவகம் வெறும் 32 கேபி. உங்களில் சிலர் பள்ளியில் பார்த்திருப்பீர்கள்.

அதில் பேசிக் மொழியில் 'பிரிண்ட் டைம்' என்று அடித்தால் ஒரு எண் வரும். 100-ஆல் வகுத்தால் விநாடி. ஆனால் அது மணி அல்ல. கம்ப்யூட்டரைப் போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்ற கணக்கு மட்டுமே. அணைத்துப் போட்டால் மறுபடி பூஜ்யம். வெளியே காலையா, ராத்திரியா என்பது அதற்குத் தெரியாது.

உண்மையான நேரம் தெரிய, கரண்ட் போனாலும் ஓடுகிற தனிக் கடிகாரம் வேண்டும். நம் ஓசூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் இங்கேதான் குவார்ட்ஸ் வாட்ச் செய்தது. வாட்சுக்குள் இருக்கும் சின்னப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று, அதாவது ஒரு விநாடி. டிஎஸ்3231 என்ற சிப்பிலும் அதே வேலைதான். கூடவே ஒரு பொத்தான் பேட்டரி. வருடத்துக்கு ஒரு நிமிடம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான்.

அந்த சிப்பைக் கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் இணைத்து, பேசிக்கில் படித்தேன். நிமிடம் 9 வரை ஒழுங்காக வந்தது. அடுத்து 10 வர வேண்டிய இடத்தில் 16 வந்தது! சிப் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்த சிப் நம் லெட்ஜர் மாதிரி பத்துகளை ஒரு பத்தியிலும் ஒன்றுகளை இன்னொரு பத்தியிலும் எழுதுகிறது. நான் இரண்டையும் ஒரே எண்ணாகப் படித்துவிட்டேன். 16-ஆல் வகுத்து, ஈவைப் பத்தால் பெருக்கி, மீதியைக் கூட்ட வேண்டும். 37 என்று வந்தால் ஈவு 2, மீதி 5. ஆக 25 நிமிடம். சிப் சரியாகத்தான் சொன்னது. படித்த நான்தான் தவறு.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்?

போன மாதம் நம் நைட் டியூட்டி செக்யூரிட்டிக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தோம். 2.10-க்கு அவர் நாற்காலி காலியாக இருப்பதைக் கேமராவில் பார்த்தோம். அவரோ, "சார், ரெண்டு மணிக்கு நான் கேட்லதான் இருந்தேன். முக்கால் மணி கழிச்சுத்தான் ரவுண்ட்ஸ் போனேன்" என்றார். ரிஜிஸ்டரிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. நாம் நம்பவில்லை. அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

சிப்பிடம் பாடம் படித்த பிறகு மனசு கேட்கவில்லை. கேமரா முன்னால் போய் என் மொபைலை நீட்டிப் பிடித்தேன். பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தேன். கேமரா 40 நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. அது காட்டிய 2.10 உண்மையில் 2.50. அந்த நேரத்தில் அவர் ரவுண்ட்ஸில்தான் இருந்திருக்கிறார்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே பொத்தான் பேட்டரி தீர்ந்து கிடக்கிறது. மின்வெட்டில் நேரம் அழிந்திருக்கிறது. பிறகு யாரோ உத்தேசமாக நேரம் வைத்திருக்கிறார்கள்.

வங்கியில் காலையில் முதல் வேலை, தேதி சரியா என்று பார்ப்பது. தேதி தப்பினால் வட்டி தப்பும். இங்கே ஒருவருடைய ஒரு நாள் கூலி தப்பிவிட்டது.

எனவே மூன்று கோரிக்கைகள். பிடித்த சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்து, அவரிடம் நேரில் வருத்தம் சொல்வோம். பேட்டரியை உடனே மாற்றுவோம், விலை ஒன்றும் பெரிதில்லை. ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி கேமரா நேரத்தை மொபைலோடு ஒப்பிட்டு ரிஜிஸ்டரில் எழுதுவோம். அந்த வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

பத்து நிமிடம் ஆகிவிட்டது.