மா ஒட்டுக்கன்றுக்குக் கம்பு எத்தனை நாள்?
(வானொலி உரை)



மா ஒட்டுக்கன்று நட்டதும் கம்பு ஊன்றிக் கட்டுவது வழக்கம். முதல் ஆண்டில் அது தேவைதான். ஆடிக்காற்றில் ஒட்டுப்போட்ட இடம் பிளந்தால் அடியில் வேர்ச்செடிதான் தளிர்க்கும். பங்கனபள்ளி என்று விலை கொடுத்து வாங்கிய இடத்தில் நாட்டு மா நிற்கும்.

ஆனால் கம்பை ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பது தவறு. காற்றில் அசைந்தால்தான் அடித்தண்டு பருக்கும், வேரும் பிடிக்கும். இறுகக் கட்டிய கன்று உயரமாக வளரும். தண்டு மெலிந்தே இருக்கும்.

கன்றை வைக்கும் முன்பே குழியில் கம்பை ஊன்றிவிடுங்கள். பிறகு அடித்தால் மண்கட்டி உடைந்து வேர் அறுபடும். மேல்காற்று பலமான ஊர்களில் மேற்குப்புறம் ஊன்றினால் கன்று கம்பில் உராயாது. ஒட்டுக்குச் சற்று மேலே, வாழைநாரால் 8 போலத் தளர்வாகக் கட்டுங்கள். கம்பியும் நைலான் கயிறும் கூடவே கூடாது, பட்டையை அறுத்துவிடும். ஒட்டு நன்கு கூடியபின் அதில் சுற்றிய பாலிதீன் நாடாவையும் அவிழ்த்துவிட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

ஓராண்டு கழித்துக் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். கன்று நிமிர்ந்து நின்றால் கம்பைப் பிடுங்கிவிடலாம். சாய்ந்தால் இன்னொரு பருவம் கட்டிவையுங்கள். இடையில் கம்பில் கறையான் ஏறினால் உடனே மாற்றிவிடுங்கள்.