மின்கோபுரமும் கானமயிலும்



ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பாலைவனம். அங்கே வரிசையாக மின்கோபுரங்கள் நிற்கின்றன.

பிள்ளைகளுக்கு அவை கை விரித்த பூதங்கள். விளக்கு வரும் என்று மகிழ்பவரும் உண்டு. ஆனால் அந்தப் பெரிய கம்பி பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் தராது. தூரத்து ஊருக்குத்தான் போகும்.

ஆடு மேய்ப்பவர்கள் வருந்துகிறார்கள். சாமிக்கு விட்ட 'ஒரண்' காட்டில் மரம் வெட்டுவது பாவம் என்பார்கள். அந்தக் காட்டிலும் கோபுரம் வந்துவிட்டதே!

கானமயிலுக்கோ உயிர் ஆபத்து. கனத்த பறவை அது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் எதிரே உள்ள கம்பி சரியாகத் தெரியாது. மோதிச் சாகும். மிஞ்சியவை 200-க்கும் குறைவு.

கம்பிகளை மண்ணில் புதைக்கச் சொல்லி 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செலவு அதிகம் என்று அரசு முறையிட்டது. 2024-இல் உத்தரவு தளர்ந்தது.

சில கம்பிகளில் இப்போது தட்டுகள் ஆடுகின்றன. பறவை பார்த்து விலகட்டும் என்று மாட்டியவை.