வாயில் ஒன்று அடைபட்டால் வழியே இல்லையா?

(தமிழிளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவு)

 

பள்ளியிறுதித் தேர்வில் வென்றபின், ஏதேனும் ஒரு தொழிற்சாலையில் பழகுநராகச் சேர்ந்துவிடலாம் என்று எழுதிக் கேட்டு, விடை வரும் வரும் என்று காத்திருந்து, ஈராண்டு மூவாண்டுகளை வீணே கழிக்கின்ற இளைஞர்கள் நம் ஊர்தோறும் உளர். ‘பழகுநர் இடம் கிடைக்கவில்லை, இனி நமக்குத் தொழிலே இல்லை’ என்று அவர்கள் சோர்ந்து போகின்றனர். அச்சோர்வைக் களைவதே இப்பொழிவின் நோக்கம்.

பழகுநர் சட்டம் 1961-இல் இயற்றப்பெற்றது. 2019-இல் திருத்தப்பெற்ற அதன் விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் நிறுவனம் ஒவ்வொன்றும், தன் பணியாளர் தொகையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். ஆயினும் பழகுநரை அச்சட்டம் தொழிலாளியாகக் கருதுவதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய, பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயமும் அதில் இல்லை. எனவே, அது நல்ல வாயில்தான். ஆனால் ஒரே வாயில் அன்று.

மற்றொரு வாயில் தொழிற்பயிற்சி நிலையம். அதன் அருமை நமக்கு விளங்கவேண்டுமாயின், பழைய நிலையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நாளில் தொழில் பழகுதல் என்பது தந்தையின் பட்டறையில் நிகழ்ந்தது. கொல்லன் மகன் உலையருகே நின்றான். தச்சன் மகன் இழைப்புளியைப் பிடித்தான். உழவுக் கூலியின் மகனுக்கு எந்தப் பட்டறையும் திறக்கவில்லை. பிறப்பே அவன் தொழிலை வரையறுத்தது. 1953-இல் இராசகோபாலாச்சாரியார் கொணர்ந்த குலக்கல்வித் திட்டம், சிற்றூர்ப் பிள்ளைகளை நாளில் ஒரு பகுதி பள்ளியிலும், எஞ்சிய பகுதி பெற்றோர் தொழிலிலும் நிறுத்த முனைந்தது. தமிழகம் அதனை எதிர்த்தெழுந்தது. 1954-இல் அவர் பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், அத்திட்டமும் கைவிடப்பெற்றது.

நாம் அன்று எதிர்த்தது கைத்தொழிலையா? இல்லை! கைத்தொழிலைப் பிறப்போடு பிணைத்த கட்டையே எதிர்த்தோம். எவர் பிள்ளையும் எத்தொழிலையும் கற்கலாம் என்பதே நம் கொள்கை. அக்கொள்கை மெய்ப்படும் இடங்களுள் ஒன்று தொழிற்பயிற்சி நிலையம். அங்கே உழவன் மகன் பற்றவைப்புக் கற்கலாம்; துணிவெளுப்பார் மகள் மின்பணி கற்கலாம். அதனைத் ‘தேறாதவர் போய்ச் சேருமிடம்’ என்று இகழ்வோர், வருந்திப் பெற்ற உரிமையையே இகழ்கின்றனர்.

எனினும், கண்ணை மூடிக்கொண்டு சேர்தல் கூடாது. சேருமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள்.

ஒன்று: அந்நிலையம் அரசின் ஏற்புப் பெற்றதா? அது தருவது நடுவணரசின் தொழிற்சான்றிதழா, அன்றித் தானே அச்சிட்டுத் தரும் வெறுந்தாளா? விளம்பரத்தின் பகட்டைக் கண்டு தாயின் தாலியை அடகு வைத்துவிடாதீர்கள். அரசினர் நிலையம் அருகிலிருப்பின், முதலில் அதன் கதவைத் தட்டுங்கள்.

இரண்டு: கை எவ்வளவு நேரம் வேலை செய்யும்? கட்டடத்தைப் பாராதீர்கள், பட்டறைக்குள் சென்று பாருங்கள். ஒரு கடைசற் பொறிக்கு எத்தனை மாணவர் என்று எண்ணுங்கள். பொறி உறையிட்டுக் கிடந்தால், அங்கே பயிற்சியும் உறங்குகின்றது என்று பொருள்.

மூன்று: எத்தனை ஆண்டு? பற்றவைப்புக்கு ஓராண்டு. பொருத்துநர், கடைசலர், மின்பணியாளர் ஆகிய தொழில்களுக்கு ஈராண்டு. வீட்டுநிலையைக் கணக்கிட்டுத் தேருங்கள்.

நான்கு: உங்கள் பகுதிக்கு எத்தொழில் வேண்டும்? கோவையில் நீரெக்கிகள் செய்கின்றனர். கரூரில் பேருந்துக் கூடு கட்டுகின்றனர். திருச்சியில் கொதிகலன் செய்கின்றனர். நண்பன் சேர்ந்தான் என்பதற்காகச் சேராமல், அருகிலுள்ள பட்டறைகளில் உசாவியபின் சேருங்கள்.

இன்னொன்றும் அறிக. இந்நிலையங்களிற் பயின்று வென்றவர் பின்னர்ப் பழகுநராகச் சேரின், பழகுநர் காலம் அவர்க்குக் குறைகின்றது. அடைபட்டதாக நீங்கள் எண்ணிய வாயில், மறுபுறமிருந்து திறக்கின்றது!

இறுதியாக, மொழியைப் பற்றி ஒரு சொல். உலை, பட்டடை, குறடு, அரம், உளி, கடைசல் என்பன நம் கைவினைஞர் வளர்த்த சொற்கள். கருவியின் பெயர் அயன்மொழியில் வந்ததும், கைத்திறன் மிக்க பிள்ளையும் ‘எனக்கு மூளையில்லை’ என்று தன்னைத் தாழ்த்திக்கொள்கின்றான். குறை அவன் மூளையில் இல்லை; கற்பிக்கும் மொழியில் உள்ளது. எனவே, குறிப்பேட்டில் ஒவ்வொரு கருவிக்கும் தமிழ்ப்பெயரை எழுதுங்கள். வரைபடத்தில் வரும் ஆங்கிலப் பெயரையும் அதனருகே எழுதிக் கற்றுக்கொள்ளுங்கள். அதனை அறியாதிருத்தல் பெருமையன்று. ஆனால், புரிந்துகொள்வது தமிழிலாக இருக்கட்டும்.

இளைஞர்களே! மூடிய கதவின்முன் நின்று முதுமையடையாதீர்கள். கருவியைக் கையிலெடுங்கள். தன் கையால் உண்பவனே பிறர்க்குத் தலைவணங்காமல் தமிழ் பேசுவான்.

வாழ்க உழைப்பு! வெல்க தமிழ்!