நிராசை கொள்ளாதீர்!

 

2015 டிசம்பர் முதல் நாள் இரவு, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் பெருமழையும் சேர்ந்து அடையாறு பெருக்கெடுத்தது. சைதாப்பேட்டையில் ஆற்றங்கரை வீடுகள் மூழ்கின. அதன்பின் கார்த்திகை மழை வலுக்கும்போதெல்லாம் கரையோரத்தில் பலர் உறக்கமின்றித் தவிக்கின்றனர். இதனை ஈமானின் குறைவென எவரும் ஏளனம் செய்யலாகாது.

யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனார் யூசுஃப் (அலை) அவர்களின் பிரிவால் அழுதழுது பார்வை இழந்தார்கள். எனினும், அத்துயரத்தினூடே, பிள்ளைகளை அழைத்து, இறையருளில் நம்பிக்கை இழவாது யூசுஃபைத் தேடிவருமாறு பணித்தார்கள். கண்ணீரும் நம்பிக்கையும் ஒரே உள்ளத்தில் இருந்தன. கண்ணீர் நிற்கட்டும் என்று அந்த நம்பிக்கை காத்திருக்கவில்லை. தேடப் புறப்படச் செய்தது.

ஆகவே துஆச் செய்யுங்கள். அத்துடன், குடும்ப அட்டை, பத்திரம் முதலியவற்றை உயரத்தில் பத்திரப்படுத்துங்கள். அண்டைவீட்டு முதியவரை எங்கு அழைத்துச் செல்வதென முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இயன்றதைச் செய்து முடித்தபின் எஞ்சியதை இறைவனிடம் ஒப்படைப்பதே தவக்குல். அதன்பின்னும் உறக்கம் வராது நெஞ்சம் படபடப்பின், 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணை அழைக்கத் தயங்காதீர். நோய்க்கு மருந்து தேடுவது நபிவழியே.

அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு அமைதியளிப்பானாக! ஆமீன்.