அடியும் ஆதியும்



திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் மலைவலம் வருவோர் மேற்குப் பக்கத்தே காணும் கோயிலைச் சிலர் அடி அண்ணாமலை என்பர். சிலர் ஆதி அண்ணாமலை எனத் திருத்துவர். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவது இத்திருத்தத்திற்கு வசதியாயிற்று. தமிழிலோ டகரம் வேறு, தகரம் வேறு. சொற்களின் குடியும் வேறு.

ஆதி வடசொல், முதல், தொடக்கம் எனப் பொருள்படும். அங்குள்ள இலிங்கத்தை நான்முகன் நிறுவினான் என்னும் தலவரலாறு அதற்குத் துணை நிற்கிறது. அடியோ திராவிடச் சொல். கன்னடத்திலும் மலையாளத்திலும் அதே வடிவில் பாதத்தைக் குறிக்கும், தெலுங்கில் அடுகு. மலையடியில் அமைந்தமையால் அடி அண்ணாமலை எனக் கொள்வதே நேரிது. திருமால் தேடிக் காணாதது அடியையன்றோ! அக்கதைக்குரிய தலத்திலேயே அடி என்பது சிறப்பற்ற சொல்லாகத் தோன்றுவது விந்தைதான்.

ஒலி ஒப்புமை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குப் பிறமொழிகள் சான்று தரும். எபிரேயத்தில் 'அதி' என்பது அணிகலன்; மக்கட்பெயராகவும் வழங்குகிறது. துருக்கியில் 'ஆதி' என்றால் சாதாரணமானது, மட்டமானது. அரபியினின்று சென்ற சொல். வடமொழியில் முதன்மை பெற்ற ஒலி அங்கே கடைநிலை எய்தியது.

இவற்றினும் மயக்கந் தருவது அருணாசலப் பிரதேசம். அங்கு வாழும் பழங்குடியினருள் ஒருசாரார் ஆதி எனப்படுவர். அவர்தம் மொழியில் அச்சொல்லுக்கு மலை என்பது பொருள். அண்ணாமலையின் வடமொழிப் பெயரும் அருணாசலமே! ஆர்வமுடையார் ஒருவர் இம்மூன்றையும் முடிச்சிட்டு ஒரு நூலே எழுதிவிடலாம். ஆனால் அம்மொழி திபெத்திய-பர்மியக் குடும்பத்தது. அம்மாநிலத்திற்கு அப்பெயர் வந்ததோ 1972இல்தான். முடிச்சு நில்லாது.

உண்மையான உறவு ஒன்று உண்டு. சிங்களத்தில் நீட்டலளவைக்கு வழங்கும் அடி, தமிழ்ச் சொல்லே.

கவிஞர்க்குச் சுவைதருவது வேறொன்று. ஒலியால் ஒட்டாத மொழிகள் எண்ணத்தால் ஒன்றுகின்றன. தமிழில் அடி காலுமாம், செய்யுள் வரியுமாம். வடமொழியில் பாதம் காலுமாம், செய்யுளின் காற்பகுதியுமாம். ஆங்கிலத்தாரும் யாப்பில் 'ஃபுட்' என்று காலையே வைத்தனர். செய்யுள் நடக்கும் என்பதை மூவரும் தனித்தனியே கண்டனரோ என்று கேட்கத் தோன்றும். பின்னிரு சொற்களும் ஒரே மூலத்தன என்பதால், இருவர் என்பதே சரி. எனினும் ஆங்கிலத்தார் சொல்லும் கால் நம் சீருக்கே நெருங்கியது. அதனை அடி என மொழிபெயர்த்தால், ஏழு சீருடைய குறள் இரண்டு சீரில் முடிந்துபோகும்.