பழைய பஸ்ஸின் மூச்சு

நிலையத்தில் வந்து நிற்கும் பஸ் அடிவயிற்றிலிருந்து உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விடுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்; அந்த மூச்சு எங்கே பிறக்கிறது, எதன் பொருட்டுப் பிறக்கிறது என்று நின்று விசாரித்தவர்கள் மிகச் சிலரே. அமெரிக்காவில் அந்த விசாரணையையே ஒரு வித்தையாகப் பயின்ற கூட்டம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலைகளில் பல லட்சம் மைல் ஓடி ஓய்வு பெற்ற பஸ்களை வாங்கி, ஆசனங்களை அகற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் குளியலறையும் அமைத்து, அந்த வண்டியையே வீடாகக் கொண்டு தேசசஞ்சாரம் செய்பவர்கள் அவர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1950களிலும் 60களிலும் செய்த 4104, 4106 வண்டிகளும், கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்த எம்.சி.ஐ. கம்பெனியின் வண்டிகளும் அவர்களுடைய பிரீதிக்குரியவை.

வாங்கப் போகிறவருடைய கண் முதலில் மரவேலைப்பாட்டில் விழுகிறது. விற்பவரும் அதைத்தான் காட்டுகிறார். அனுபவஸ்தரோ உள்ளே ஏறுவதற்கு முன் வண்டியின் அடியில் குனிகிறார். வித்தையின் சாரம் அந்தக் குனிதலில்தான் இருக்கிறது.

அங்கே அவர் பார்ப்பது ஏர் பிரேக்கை; அந்தப் பெருமூச்சும் அதனுடையதே. அதன் தத்துவம் எளிது. எஞ்சினோடு சுழலும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் தொட்டிகளில் சேர்க்கிறது. சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 120 ராத்தல் அழுத்தம் ஏறியதும் கவர்னர் என்னும் கருவி போதுமென்று நிறுத்துகிறது. ஓட்டுநர் மிதியை அழுத்த, அந்தக் காற்று சக்கரத்தருகே உள்ள சேம்பருக்குள் பாய்ந்து ரப்பர்ச் சவ்வைத் தள்ள, சவ்வு தண்டைத் தள்ள, தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்னும் கையைத் திருப்ப, அது கேமைச் சுழற்றி லைனிங்கை டிரம்மின்மேல் அழுத்துகிறது. 30 சதுர அங்குலப் பரப்புள்ள சவ்வின்மேல் 100 ராத்தல் அழுத்தம் பட்டால் தண்டில் 3000 ராத்தல் தள்ளுவிசை பிறக்கும். இத்தனையும் காற்று உள்ளவரைக்கும்தான். காற்று போய்விட்டால்?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்து வண்டி ஒவ்வொரு விதமாக விடை சொல்கிறது. வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் அது. மிகப் பழைய வண்டியில் நிற்கவும் காற்று வேண்டும். காற்று தீர்ந்தால் கையால் இழுக்கும் நெம்புகோல் ஒன்றுதான் கதி. அது நின்ற வண்டியை நகராமல் வைக்கப் போதுமே அல்லாமல் ஓடும் வண்டியை நிறுத்த என்று ஏற்பட்டதன்று. பின்னர் வந்த ஸ்பிரிங் பிரேக்கில் நியாயமே தலைகீழ்: பலமான சுருள்வில் ஒன்று பிரேக்கைப் பிடித்தபடியே இருக்கும், காற்று அதை அடக்கி வைத்தால்தான் வண்டி நகரும். அழுத்தம் 45 ராத்தலுக்கும் 20க்கும் இடையே எங்கோ இறங்கும்போது வில் தானாகவே பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே டிடி3 என்று ஒரு வகை உண்டு. அதில் வில்லே கிடையாது; தனித் தொட்டியில் காத்து வைத்த காற்று இரண்டாவது சவ்வைத் தள்ள, தண்டை உருளைகள் கவ்விப் பூட்டிக்கொள்கின்றன. பூட்டை விடுவிக்கக் குமிழை அழுத்தினால் மட்டும் போதாது, கால்மிதியையும் நன்றாக மிதிக்க வேண்டும். இதை அறியாமல் வண்டியைக் கிளப்பியவர்கள் பிரேக் பிடித்தபடியே சிறிது தூரம் இழுத்துக்கொண்டு போய் லைனிங்கைப் புகையவிட்டதுண்டு.

எந்த வகை என்று கண்டுபிடிக்க விற்பவருடைய வாக்கை நம்ப வேண்டியதில்லை. பின்சக்கரச் சேம்பரில் எத்தனை ஓஸ்கள் வந்து சேர்கின்றன என்று எண்ணினால் போதும்: ஒன்றானால் வெறும் சேம்பர், இரண்டானால் ஸ்பிரிங், மூன்றானால் டிடி3. 1975இல் அமெரிக்காவில் அமலுக்கு வந்த 121ஆம் எண் பாதுகாப்பு விதி, காற்றுச் சுற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றொன்று நிறுத்தும்படி செய்தது. அதற்கு முந்திய வண்டிகளில் பெரும்பாலும் ஒரே சுற்றுதான்.

அரிஸோனாவில் ஒரு நண்பருக்குத் துணையாக நான் அப்படி ஒரு வண்டி பார்க்கப் போயிருந்தேன். மூன்று அச்சுள்ள எம்.சி.ஐ.; உள்ளே செர்ரி மரத்தில் அலமாரிகள், பார்க்க மிக நேர்த்தி. ஸ்பிரிங் பிரேக்தான் என்று விற்பவர் உறுதி சொன்னார். நண்பர் ஒன்றும் பேசாமல் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, உடலுக்கு அடியிலும் கனத்த மரக்கட்டைகளைத் தாங்கு கொடுத்தார். இந்த வண்டிகளின் உடல் காற்றுப் பைகளின்மேல் நிற்பது; பையில் காற்று இறங்கினால் உடலும் இறங்கும். தாங்கு கொடாமல் அடியில் புகுந்தவர்கள் உயிரோடு திரும்பாததும் உண்டு. டார்ச்சு வெளிச்சத்தில் எண்ணினோம், மூன்று ஓஸ்கள்.

பிறகு எஞ்சினை ஓட்டி 120 வரை ஏற்றி, நிறுத்தி, மிதியைத் தொடாமல் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிமிஷத்துக்கு 2 ராத்தலுக்கு மேல் இறங்கலாகாது; மிதியை அழுத்திப் பிடித்தால் 3. முதல் சோதனையில் தேறியது. மிதியை அழுத்தியதும் பின்னால் எங்கோ மெல்லிய சீறல் கேட்டது, முள் நிமிஷத்துக்கு 7 வீதம் இறங்கிற்று. தொட்டியின் வடிகுழாயைத் திறந்தால் காப்பி நிறத்தில் தண்ணீரும் எண்ணெயும் கொட்டின. கம்ப்ரஸர் எண்ணெயைத் தள்ளுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கடைசியாகத் தண்டின்மேல் சாக்கட்டியால் கோடிட்டு, நான் மிதிக்க அவர் அளந்தார். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம். வலப்பக்கம் இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. இந்த ஓரங்குல வித்தியாசத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் சமதரையில் அது தெரியவே தெரியாது. நீண்ட மலையிறக்கத்தில் டிரம் சூடேறி விரிகிறது, லைனிங்கை விட்டு விலகுகிறது. அதை எட்டிப் பிடிக்கத் தண்டு இன்னும் நீள வேண்டும். சேம்பருக்குள் நீள இடம் தீர்ந்துவிட்டால் காற்று எவ்வளவு இருந்தும் பயனில்லை. முள் 100 காட்டிக்கொண்டே இருக்கும், வண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும். அழுத்தமானியை மட்டும் நம்புகிறவர்களிடம் எனக்கு மரியாதை இல்லாததற்கு இதுவே காரணம். லைனிங் தேயத் தேயத் தண்டு நீளும் இந்தக் குறையைத் தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர்கள் 1994க்குப் பிறகுதான் கட்டாயமாயின. அதற்கு முந்திய வண்டிகளில் பெரும்பாலும் கையால் திருகிச் சரிசெய்வதுதான்.

மலையிறக்கத்தின் பயங்கரத்தைத் தம் உடலில் அனுபவித்தவர் டீசல் எஞ்சின் நிபுணர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1931இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் அவருடைய லாரி பிரேக்குக்கு அடங்காமல் இறங்கி, குறுக்கே சென்ற ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பிற்று. அந்த நினைவு அவரை விடவில்லை; பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் எஞ்சினின் அமுக்கத்தையே வேகத்தடையாக்கும் சாதனத்தை அவர் வகுத்தார், ஜேக்கப்ஸ் கம்பெனி 1961இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழைய பஸ்ஸில் அது இருந்தால் விலையில் சிறிது விட்டுக்கொடுக்கலாம். ஆனால் அது சக்கரப் பிரேக்குக்குத் துணையே அன்றி மாற்றன்று.

நண்பர் அந்த வண்டியை வாங்கத்தான் வாங்கினார். விற்பவரும் அளவுகோலைப் பார்த்தபின் விலையில் பிடிவாதம் செய்யவில்லை. முதல் மாதம் முழுவதும் அது நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஓஸ்கள், சவ்வுகள், கம்ப்ரஸர் என்று ஒவ்வொன்றாகப் புதிதாகிக்கொண்டிருக்க, அந்த அழகிய செர்ரி அலமாரிகளில் ஸ்பானர்கள் குடியிருந்தன.